எவரெஸ்ட் 86 சென்டிமீட்டர் வளர்ந்ததா?

கேள்வி (மே 29, மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர்):
நான் படித்த காலத்தில் எவரெஸ்ட் 8,848 மீட்டர். என் மகள் புத்தகத்தில் 8,848.86 என்று இருக்கிறது. நடுவில் 8,850 என்றும் 8,844 என்றும் படித்த ஞாபகம். மலை ஏறி இறங்குகிறதா? அவ்வளவு பெரிய மலையில் 86 சென்டிமீட்டரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எங்கள் ஊரில் இருக்கிற ஒரே மேடு வாசல்படிதான், அதனால் கேட்கிறேன்.

மே 29, இரவு 9.40
மலை ஏறி இறங்கவில்லை தம்பி. அளந்தவர்கள் மாறினார்கள், அளந்த விதம் மாறியது, உச்சி எது என்ற முடிவும் மாறியது. நீங்கள் படித்த 8,848 இந்திய சர்வே துறை 1954-ல் முடித்த கணக்கு, அடியில் 29,028. 8,850 என்பது 1999-ல் அமெரிக்கக் குழு ஒன்று உச்சியில் ஜி.பி.எஸ். வைத்து எடுத்தது. 8,844.43 என்றது சீனா, 2005-ல். இப்போது புத்தகத்தில் இருப்பது நேபாளமும் சீனாவும் சேர்ந்து 2020 டிசம்பர் 8 அன்று அறிவித்தது. செயற்கைக்கோள் கடல்மட்டத்திலிருந்து நேராகவே உயரத்தைச் சொல்லிவிடுவதால் இனி குழப்பம் குறையும்.

மே 29, இரவு 10.15
பூகம்பத்தால்தான் 8,844 ஆகிவிட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. நேபாள பூகம்பம் 2015 ஏப்ரல் 25. சீனாவின் 8,844 அதற்குப் பத்து வருஷம் முந்தையது. அவர்கள் உச்சிப் பாறை வரைக்கும்தான் கணக்கில் எடுத்தார்கள். பாறை மேல் உட்கார்ந்திருக்கும் பனியும் ஐஸும் மூன்றரை மீட்டர் என்று தனியாகச் சொன்னார்கள். கூட்டிப் பாருங்கள், பழைய 8,848 பக்கத்தில்தான் வந்து நிற்கும். நேபாளம் பனியோடு சேர்த்துத்தான் சொல்வோம் என்று நின்றது. 2010-ல் இரண்டு எண்ணையும் இரண்டு நாடும் ஏற்றுக்கொண்டன.

மே 30, காலை 6.20
ராத்திரி படுத்த பிறகும் அந்த 86 சென்டிமீட்டர் கேள்வி விடவில்லை. அதில் எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது, மலையில் இல்லை, வாய்க்கால் கரையில்.

1987-லிருந்து ஆறு வருஷம் ஒரு தனியார் சர்வேயரிடம் ஸ்டாஃப் பிடித்தேன். ஸ்டாஃப் என்றால் சிவப்பும் கறுப்புமாகக் கோடு போட்ட உயரமான அளவுகோல். அவர் முக்காலியில் லெவல் மிஷினை, அதாவது மட்டக்கோட்டில் பார்க்கும் கருவியை வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். நான் முன்னால் ஒரு இடத்தில் பிடிப்பேன், பிறகு பின்னால் ஒரு இடத்தில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தரையின் ஏற்ற இறக்கம். மிஷினைத் தூக்கி அடுத்த இடத்தில் வைப்போம், மறுபடியும் அதே வேலை. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் பக்கம் இப்படியே எத்தனை நாள் நடந்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

நம் பக்கத்தில் இது விளையாட்டு வேலை இல்லை. கல்லணையிலிருந்து வருகிற தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேருவது இந்தச் சின்னச் சின்ன இறக்கத்தை நம்பித்தான். படுகை நாலு விரல் தூக்கிவிட்டால் கடைசி மதகுக்காரன் வாசலில் வந்து நிற்பான்.

காலையில் ஆரம்பித்த கல்லுக்கே சாயங்காலம் திரும்பி வந்து முடிப்போம். வித்தியாசம் பூஜ்யம் வரவேண்டும். ஒரு நாள் 10 சென்டிமீட்டர் வந்தது. சர்வேயர் ஒன்றும் பேசவில்லை. ஸ்டாஃபை வாங்கி நடுத்துண்டைத் தட்டிப் பார்த்தார். நீட்டும்போது அது கொக்கியில் உட்காராமல் கீழே இறங்கியிருந்தது. பிடித்தவன் நான்தான் கவனிக்கவில்லை. மறுநாள் முழுதும் திரும்ப நடந்தோம். அதிலிருந்து எந்த அளவைப் பார்த்தாலும் "எங்கே ஆரம்பித்தீர்கள், எங்கே முடித்தீர்கள்" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்.

மே 30, மதியம்
எவரெஸ்டுக்கும் இந்த நடைதான் ஆதாரம், அதை எழுத விட்டுப்போயிற்று. நேபாளத்தின் தெற்குச் சமவெளியிலிருந்து மலைப் பக்கம் வரை ஸ்டாஃபும் மிஷினும் தூக்கிக்கொண்டு லெவல் எடுத்தார்கள். உச்சியில் நின்ற நாலு பேர் படம்தான் எல்லோருக்கும் தெரிகிறது. கீழே ஸ்டாஃப் பிடித்தவர் படம் எங்கேயும் வராது.

மே 31
முதல் அளவு எப்படி எடுத்தார்கள் என்று கும்பகோணத்து டீச்சர் கேட்டிருக்கிறார்.

நேபாளத்துக்குள் அப்போது ஆங்கிலேயரை விடவில்லை. அதனால் 1849, 50-ல் பீகார் சமவெளியில் ஆறு இடங்களிலிருந்து பார்த்தார்கள். உச்சிக்கு 108 மைலிலிருந்து 118 மைல் வரை தூரம். நம் கணக்கில் தஞ்சாவூரிலிருந்து பாண்டிச்சேரியைத் தாண்டி ஒரு பொருளைப் பார்ப்பது மாதிரி. அப்போது அதற்குப் பெயர் கூட இல்லை, "பதினைந்தாம் சிகரம்" என்று ரோமன் எண்ணில் குறித்திருந்தார்கள்.

டீச்சர், பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்: பூமி வளைந்திருப்பதால் 180 கிலோமீட்டர் தள்ளி நின்றால் மலையின் அடியில் இரண்டரைக் கிலோமீட்டர் கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிடும். அதைக் கணக்குப் போட்டுத்தான் திரும்பச் சேர்க்க வேண்டும். காற்று வேறு பார்வைக் கோட்டை வளைக்கும், காலையில் ஒரு மாதிரி, மதியம் ஒரு மாதிரி. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் தண்ணீர் நிற்பது போலத் தெரியுமே, அதன் உறவுக்காரன்தான் இதுவும். இன்னொரு தொல்லை, இமயமலையே தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுக்கும். குண்டு சாய்ந்தால் மட்டம் சாயும்.

இத்தனையையும் கழித்துக் கூட்டிக் கணக்குப் போட்டவர்களில் தலைமையானவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. வந்த விடை 29,002 அடி. 1856-ல் வெளியே அறிவித்தவர் அப்போதைய சர்வேயர் ஜெனரல் ஆண்ட்ரூ வா. உண்மையில் சரியாக 29,000 வந்ததாகவும், உத்தேசமாகச் சொன்னது என்று ஊர் நினைத்துவிடும் என்று 2 அடி சேர்த்ததாகவும் சொல்வார்கள்.

இன்றைய எண்ணோடு ஒப்பிட்டால் 9 மீட்டர் குறைவு. அந்தத் தூரத்திலிருந்து, அந்தக் கருவியை வைத்துக்கொண்டு! எனக்கு இரண்டு கிலோமீட்டர் வாய்க்காலில் 10 சென்டிமீட்டர் தவறியது. சிக்தாரை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. 2004-ல் அவருக்குத் தபால்தலை போட்டார்கள். சிகரத்துக்கு வைத்தது, முன்பே சர்வேயர் ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்றுப் போய்விட்ட ஜார்ஜ் எவரெஸ்டின் பெயரை. இது எனக்கு ஆறவே ஆறாது.

ஜூன் 1
"எவரெஸ்டுக்கும் தஞ்சாவூருக்கும் என்ன சம்பந்தம், இழை எங்கேயோ போகிறது" என்று ஒரு தம்பி கேட்டார். சம்பந்தம் இருக்கிறது, நேரடியாகவே.

பீகாரிலிருந்து மலையைப் பார்த்தார்களே, அந்தப் பீகார் இடங்கள் வரைபடத்தில் எங்கே இருக்கின்றன என்று முதலில் தெரிய வேண்டாமா? அதற்கான முக்கோண வலை தொடங்கியது நம் சென்னையில். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டைச் சங்கிலியால் அளக்க ஆரம்பித்தார். அந்த ஒரு கோட்டின் மேல், கோணங்களை அளந்து மற்ற பக்கங்களைக் கணக்கில் எடுத்து, முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டே போனதுதான் பிறகு இமயம் வரை நீண்டது.

மலை இருக்கிற இடத்தில் முக்கோணம் கட்டுவது சுலபம், குன்றுக்குக் குன்று பார்க்கலாம். நம் டெல்டாவில் எங்கே ஏறுவது? தென்னையும் பனையும் மறைக்கும். அவர்கள் கண்ணில் பட்டது கோபுரங்கள். 60 மீட்டர் உயரத்தில் நின்றால் சுற்றிலும் 27, 28 கிலோமீட்டர் தெரியும். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில், கோணம் அளக்கும் தியோடலைட்டைக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். அரை டன் எடையுள்ள கருவி. ஒரு கயிறு அறுந்து கருவி சுவரில் போய் மோதியது. கோணம் அளக்கும் வட்டம் நசுங்கிப் போயிற்று.

லாம்டன் அதைத் தூக்கி எறியவில்லை. ஆறு வாரம் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, பாகம் பாகமாகக் கழற்றி, வளைந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்தார். அதே கருவிதான் பிறகும் வேலை செய்தது.

பெரிய கோயிலுக்கு நூறு தடவை போயிருப்பேன். இதைப் படித்த பிறகு போனபோது நந்தி பக்கம் திரும்பவே இல்லை. கயிறு எந்தப் பக்கமாக இறங்கியிருக்கும் என்று விமானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

ஜூன் 1, இரவு
விமானம் 60 மீட்டரா, 216 அடி என்றல்லவா படித்தோம், 216 அடி என்றால் 66 மீட்டர் வருமே என்று மூன்று பேர். நல்ல கேள்வி, நானும் 216 என்றுதான் படித்தேன். வேறு வெளியீடுகளில் 59.82 மீட்டர் என்று இருக்கிறது. அது 196 அடிச் சொச்சம். நின்ற இடத்தில் ஆயிரம் வருஷமாக நிற்கிற கோயில், தொட்டு அளக்கலாம், அதற்கே இருபது அடி வித்தியாசத்தில் இரண்டு எண். எவரெஸ்டை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம், "நிழல் தரையில் விழாது" என்பதையும் ஒருவர் எழுதியிருக்கிறார். விழும். பன்னிரண்டு வயதில் என் மாமாவோடு ஒரு குச்சியை நட்டு, குச்சி நிழலையும் கோயில் நிழலையும் அடி வைத்து எண்ணியிருக்கிறோம். நிழலின் நுனி எந்த அடியிலிருந்து எண்ணப்பட வேண்டும் என்பதில்தான் மாமாவுக்கும் எனக்கும் சண்டை. கட்டடத்துக்கு நடுவிலிருந்தா, வெளிச்சுவரிலிருந்தா? நடுவிலிருந்து எண்ண வேண்டும், மாமா சொன்னதுதான் சரி.

ஜூன் 3
மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12 நெருங்குகிறது, எல்லோர் வாயிலும் அதுதான். இந்த இழையிலும் வந்துவிட்டது. வரட்டும், இதை வைத்தே விஷயத்தைச் சொல்லிவிடலாம்.

மேட்டூர் நிறைந்தால் 120 அடி. நமக்கு மனப்பாடம். 120 அடி எதிலிருந்து? கடலிலிருந்து என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியானால் தண்ணீர் திருச்சி வந்து சேர்வதே பெரும்பாடாகிவிடும், திருச்சியே அதைவிட மேட்டில் இருக்கிறது. அந்த 120 அணையிலேயே வைத்துக்கொண்ட ஒரு பூஜ்யத்திலிருந்து எண்ணுவது. கடல்மட்டத்திலிருந்து எண்ணினால் நிறைந்த மேட்டூரின் நீர்மட்டம் 790 அடி. ஒரே தண்ணீர், ஒரே நாள், 120-ம் சரி, 790-ம் சரி. பூஜ்யம் வேறு, அவ்வளவுதான்.

எவரெஸ்ட் சண்டையில் பாதி இதுதான். இந்தியக் கணக்கின் பூஜ்யம் நம் கடற்கரைகளிலிருந்து வந்தது. சீனாவின் பழைய கணக்கின் பூஜ்யம் மஞ்சள் கடல். ஒரே மலையை ஆளுக்கொரு கடலிலிருந்து எண்ணினார்கள். 2020-ல் இரண்டு பேரும் உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு மட்டத்துக்கு வந்து நின்றார்கள்.

ஜூன் 4
முதல் நாள் எழுதியதில் ஒரு பெரிய தப்பு. செயற்கைக்கோள் கடல்மட்டத்திலிருந்து நேராக உயரம் சொல்லும் என்று எழுதிவிட்டேன். சொல்லாது.

தப்பைக் காட்டிக்கொடுத்தவர் திருவாரூர்த் தம்பி. அவர் போனில் ஏதோ ஜி.பி.எஸ். செயலியைத் திறந்தால் வீட்டின் உயரம் மைனஸ் 80-சொச்சம் மீட்டர் என்று காட்டுகிறதாம். "எங்கள் வீடு கடலுக்கு அடியிலா இருக்கிறது" என்று கேட்கிறார். பயப்பட வேண்டாம் தம்பி, போன் பொய் சொல்லவில்லை.

செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது. அது பூமியை, துருவத்தில் கொஞ்சம் அமுங்கிய வழவழப்பான உருண்டையாக வைத்துக்கொண்டு அதன் மேல்பரப்பிலிருந்து எண்ணுகிறது. உண்மையான கடல் அந்த உருண்டையோடு ஒட்டி நிற்காது. பூமிக்குள் எடை ஒரே சீராக இல்லாததால் ஈர்ப்பு ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும், தண்ணீரும் அதற்கேற்பத் தூக்கியும் பள்ளமாகவும் நிற்கும். உலகத்திலேயே மிக ஆழமான பள்ளம் எங்கே என்கிறீர்கள்? நம் பக்கத்தில்தான். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் 106 மீட்டர் தணிந்து நிற்கிறது. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் நம் டெல்டாவும் இருக்கிறது, இங்கே ஏறக்குறைய 90 மீட்டர். அதனால்தான் காய்ந்த தரையில் நிற்கிற வீட்டுக்கு மைனஸ் காட்டுகிறது.

எவரெஸ்ட் அடியில் இந்த வித்தியாசம் முப்பது மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உச்சியில் ஜி.பி.எஸ். வைத்து வருகிற எண்ணில் அதைச் சரிசெய்தால்தான் கடல்மட்டக் கணக்கு வரும். மலைக்கு அடியில் கடல் கிடையாது. கடல் அங்கே வரை வந்திருந்தால் எந்த மட்டத்தில் நிற்கும் என்பதை ஈர்ப்பை அளந்து அளந்துதான் கண்டுபிடிக்கிறார்கள். ஆக, கஷ்டமான வேலை உச்சியில் இல்லை, அடியில் இருக்கிறது. மன்னார்குடித் தம்பி, உங்கள் 86 சென்டிமீட்டருக்குப் பதில் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஜூன் 7
நாகப்பட்டினத்தைச் சொல்லாமல் இதை முடிக்கவே கூடாது.

இந்தியாவின் லெவல் வலையை 1909-ல் ஒழுங்கு செய்து முடித்தபோது ஒன்பது துறைமுகங்களின் சராசரிக் கடல்மட்டத்தைப் பூஜ்யமாக வைத்தார்கள். கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒடிசாவின் ஃபால்ஸ் பாயிண்ட். நம் நாகையில் அலை ஏறுவதையும் இறங்குவதையும் கருவி வைத்து வருஷக்கணக்கில் குறித்தார்கள், அதில் வந்த சராசரி ஒரு நாட்டுக்கே பூஜ்யத்தின் ஒரு பங்காகியது.

மேற்குக் கரையும் கிழக்குக் கரையும் ஒரே மட்டத்தில் இல்லை என்பது பின்னால் தெரியவந்தது. ஒன்பதையும் ஒரே பூஜ்யம் என்று இழுத்துக் கட்டியதில் வலை அங்கங்கே கொஞ்சம் முறுக்கிக்கொண்டது. அது அன்றைய அறிவின் எல்லை. ஆனாலும் நாகை கடற்கரையில் நின்று அலையைப் பார்க்கும்போது, இமயம் வரை போன கணக்கில் இந்தத் தண்ணீருக்கும் பங்குண்டு என்று நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நம் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லையே.

ஜூன் 8
உச்சியில் என்ன செய்தார்கள் என்று மறுபடி கேட்கிறார்கள், சுருக்கமாக.

நேபாளக் குழு 2019 மே 22 அன்று விடியுமுன், மூன்று மணி இருட்டில் உச்சியில் ஏறியது. தலைமை கிம்லால் கௌதம் என்ற சர்வேயர். கூட்டம் வருவதற்கு முன் கருவியை வைத்துவிட வேண்டும் என்று அந்த நேரம். செயற்கைக்கோள் கருவி ஒன்று, பனியின் கனம் பார்க்க ரேடார் ஒன்று. கடுங்குளிரில் உறைந்து அவருக்குக் கால்விரல் போயிற்று. சீனக் குழு 2020 மே 27 அன்று வடக்குப் பக்கமாக ஏறி இரண்டரை மணி நேரம் உச்சியில் இருந்தது. இரண்டு கணக்கையும் சேர்த்துத்தான் 8,848.86. இது பனியோடு சேர்ந்த உயரம்.

மலை வளரவே இல்லையா என்றால், வளர்கிறது. இந்திய நிலத்தட்டு வடக்கே முட்டிக்கொண்டே இருப்பதால் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர். 2015 பூகம்பத்தில் மலை தென்மேற்காக 3 சென்டிமீட்டர் நகர்ந்தது, உயரத்தில் பெரிய மாற்றம் இல்லை என்று சீன அளவையில் சொன்னார்கள். 1954-க்கும் 2020-க்கும் நடுவிலான 86 சென்டிமீட்டரில் வளர்ச்சி எவ்வளவு, பனி எவ்வளவு, பழைய கணக்கின் பிசகு எவ்வளவு என்று பிரிப்பதற்கு வழியில்லை. 8,848 என்பதே சில்லறையை விட்டுவிட்டு முழு எண்ணாகச் சொன்னது.

ஜூன் 11
இவ்வளவு நேரம் எவரெஸ்ட் பேசியதற்குக் காரணம் எங்கள் தெரு என்று சொன்னால் நம்புவீர்களா?

மூன்று வருஷம் முன்னால் எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டினார்கள். முதல் ஐப்பசி மழையிலேயே தண்ணீர் வாய்க்காலுக்குப் போகாமல் தெருவுக்குத் திரும்பியது. என் பழைய லெவல் மிஷினை எடுத்து வைத்துப் பார்த்தேன். வடிகாலின் கடைசி, தலைப்பைவிட 11 சென்டிமீட்டர் தூக்கல். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ஒரு வீட்டு வாசல்படியைப் பூஜ்யமாக வைத்துப் பாதி வேலை செய்திருக்கிறார்கள். ஒரு மாதம் வேலை நின்றது. அந்த இடைவெளியில் வீட்டுக்காரர் படியை இடித்து உயர்த்திக் கட்டிவிட்டார். மீதி வேலையை அதே படியிலிருந்து அளந்து முடித்திருக்கிறார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு நாள் முழங்கால் தண்ணீர்.

இருநூறு அடி தள்ளி, மதகுப் படிக்கட்டின் பக்கச் சுவரில் வெட்டிய பெஞ்ச் மார்க் கல் ஒன்று, அதாவது உயரம் அளந்து குறித்து வைத்த கல், இருந்தது. சர்வேயரோடு நடந்த காலத்தில் நானே பலமுறை அதன் மேல் ஸ்டாஃப் வைத்திருக்கிறேன். அம்புக்குறியும் எழுத்தும் தெளிவாக இருக்கும். மதகுக்கு வர்ணம் அடிக்கும் முன் யாரோ அதன் மேல் சிமெண்ட் பூசிவிட்டார்கள். அது வெளியே தெரிந்திருந்தால் படியைத் தேடிப் போயிருக்க மாட்டார்கள்.

ஜூன் 15
நேற்றுச் சாயங்காலம் மன்னார்குடித் தம்பி மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். இழையில் எழுதுவது போதாதென்று அந்தப் பெண் மிஷினில் கண் வைத்துப் பார்க்க வேண்டும் என்றாளாம். ஏழாம் வகுப்பு. முக்காலியை மட்டம் செய்யக் காட்டிக்கொடுத்தேன், குமிழி நடுவில் வந்து நின்றதும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவை ஸ்டாஃப் பிடிக்கச் சொல்லி, வடிகாலின் இரண்டு முனையையும் அவளே படித்தாள். 11 சென்டிமீட்டர்தான். நோட்டில் எழுதிக்கொண்டு, "தாத்தா, ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பப் போகவில்லையே" என்றாள். நான் சொல்லிக்கொடுக்க மறந்தது அது. திரும்பப் போய்ப் பார்த்தோம், இரண்டு மில்லிமீட்டரில் முடிந்தது.

மதகுச் சுவரைப் பார்க்கவும் போனோம். பூச்சு கெட்டியாக இருக்கிறது. நாமாக உடைக்கக் கூடாது, சம்பந்தப்பட்டவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கல் இருக்கும் இடத்தை அந்தப் பெண் சுவரில் சாக்கட்டியால் வட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மழைக்கு முன் யாராவது வந்தால் நல்லது.